அக்கா அரித்த பொன்

அக்கா ஓடைக்குள் குனிந்து நிற்கிறார். காலில் என் கணவருடைய ரப்பர் பூட்ஸ். அது அவருக்குப் பெரிது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளே புகுந்த தண்ணீர் சளக் சளக்கென்கிறது. கையில் அகலமான கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் மண்ணும் சரளைக்கல்லும் ஓடைத் தண்ணீரும்.

அக்கா தட்டைச் சற்றே சரித்துச் சுழற்றுகிறார். மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. மண் தண்ணீரோடு கலந்து விளிம்பால் மெதுவாக வழிந்து போகிறது. கரையில் ஒரு தாடிக்கார நோர்வேக்காரர் நிற்கிறார். தட்டுகளை வாடகைக்குக் கொடுத்து, பொன் அரிக்கக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, “இவர் இதை முன்பே செய்திருக்கிறார்” என்று என்னிடம் சொல்கிறார்.

கடைசியில் தட்டின் அடியில் கொஞ்சம் கறுப்பு மணல் மிஞ்சுகிறது. பொன் இருந்தால் அதற்குள்தான் இருக்கும். தாடிக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்க்க வருகிறார். அதற்குள் அக்கா மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, அந்த மணலை அப்படியே புளுபெரிப் பற்றைக்குள் விசிறி எறிந்துவிடுகிறார்.

தாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவின் மகள் துஷி கரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, உதுக்குள்ளைதான் பொன் கிடந்தது.”

அக்கா வெறும் தட்டைப் பார்த்தார். பிறகு பற்றையைப் பார்த்தார்.

“கை பழகிப்போச்சு” என்றார்.

ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் நாங்கள் கழித்த முதல் பனிக்காலத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, எப்போது பார்த்தாலும் குளிரும் வேலையும்தானா, குடும்பமாக ஒரு நாளாவது உல்லாசமாக எங்கேயும் போகவில்லையா என்று கேட்டிருந்தார். போனோம் தங்கச்சி. போய்வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உல்லாசமாக முடியாவிட்டால் என்னைக் கோபிக்கக் கூடாது.

அரிக்கன் சட்டி

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு அரிக்கன் சட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உட்புறம் சுற்றிவர வரி வரியாகக் கீறல் வைத்த மண்சட்டி அது. அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டினால், அரிசி தண்ணீரோடு மிதந்து விளிம்பால் அடுத்த பானைக்குள் போய்விடும். கல் கனம் கூடியது, அந்த வரிகளில் சிக்கி அடியில் தங்கிவிடும். கடைசியில் மிஞ்சும் கல்லை முற்றத்தில் விசிறி எறிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில், அரிசியைவிடக் கல்லைத்தான் அதிகம் போட்டார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். எனக்கு அரிக்க வராது. பொறுமை கிடையாது. நான் அரித்தால் சோற்றில் நறநறவென்று பல்லில் கடிபடும், அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவார். அதனால் அந்த வேலை மலரக்காவின் தலையில் விழுந்தது. ஏழெட்டு வயதிலேயே அக்காவின் கை அதற்குப் பழகிவிட்டது.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் அக்கா அந்தப் பழக்கத்தை விடவில்லை. குரொன்லாண்டுக் கடையில் வாங்கும் பாஸ்மதி அரிசி கண்ணாடி மாதிரி இருக்கும். கல்லுமில்லை, தூசுமில்லை. அக்காவோ அதையும் ஒரு சில்வர் சட்டியில் போட்டு, குழாயடியில் நின்று ஆட்டி ஆட்டி அரிப்பார். கடைசியில் அடியில் மிஞ்சும் நாலு அரிசியைத் தொட்டிக்குள் விசிறுவார்.

“அக்கா, இதிலை கல் இல்லை. நோர்வேயிலை கல்லோடை அரிசி வித்தால் கடையைப் பூட்டிப்போடுவாங்கள்” என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

“ஒண்டாவது கிடக்கும்” என்பார். அதற்கு மேல் கதை இல்லை.

எங்களுடைய மாடித்தொடரிலேயே கீழ்த்தட்டில் ஒரு சின்ன வீட்டில் அக்காவும் துஷியும் இருந்தார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, ஐந்தாம் இலக்க ரயிலில் கடைசித் தரிப்புவரை தூங்கி வழிந்து வந்து இறங்கினால், நேரே அக்காவின் குசினிக்குத்தான் போவேன். எங்கள் மகன் துரொன்ஹைமில் படித்துக்கொண்டிருந்தான். இவர் டிராம் ஓட்டப் போனால் வருவதற்குப் பொழுதுபட்டுவிடும். (இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனியும் பழகப்போவதில்லை.) அக்காவின் குசினியில் அரிசி அரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பிளேன்டீ குடித்தால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்ததாக இருக்கும்.

தாலிக்கு ஒரு துளி

பொன் அரிக்கப் போவோம் என்றவள் துஷி.

அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பேசி முடிந்தது என்று நாங்கள் பெரியவர்கள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவளும் அந்தப் பெடியனும் பல்கலைக்கழகத்திலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு எங்களிடம் வந்தார்கள். நல்ல பெடியன். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆட்கள், அவன் இங்கே பிறந்தவன்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குரிய பொன்னை உருக்குவார்கள். ஒஸ்லோவில் ஆசாரிக்கு எங்கே போவது? மாப்பிள்ளையின் தாய் ஒரு நகை வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடித்திருந்தார்.

“சித்தி, நான் பிறந்தது அங்கை, வளர்ந்தது இஞ்சை” என்றாள் துஷி. “தாலியிலை இஞ்சத்தைப் பொன்னும் ஒரு துளி கிடக்கட்டுமே. ஐட்ஸ்வோல் பக்கம் பழைய தங்கச் சுரங்கம் இருக்கு. அங்கை ஓடையிலை ஆரும் அரிக்கலாமாம். ஃபெரியேக்குள்ளை ஒரு நாள் போவம்.”

ஃபெரியே என்றால் கோடை விடுமுறை. அதைக் கேட்டதும் இவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இவர் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் ஆலையில் வேலை செய்தவர். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன் துண்டை விரித்து, முள் இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நாள் முழுக்க நின்று பார்த்தாராம். அந்தக் கதையை நான் கேட்ட தரத்துக்கு எனக்கே இப்போது புழு பிடிக்கத் தெரியும்.

“என்ரை கண்ணுக்குத் தப்பி ஒரு பொட்டுப் பொன் போகாது, இருந்து பாரும்” என்றார்.

சனிக்கிழமை போவதாக முடிவானது. வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஒரு சொல்

சம்பந்தி அம்மா நல்ல மனுசி. அதுதான் பிரச்சினை. கெட்ட மனுசியாக இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை சொல்லித் தொலைபேசியை வைத்திருப்பேன்.

“சுகி, கலியாணக் கார்ட் அடிக்க அனுப்பவேணும். சென்னையிலை அச்சகத்துக்காரர் திங்கட்கிழமைக்குள்ளை கேக்கினம்” என்றார். “துஷியின்ரை தேப்பன்ரை பேரை எப்பிடிப் போடுறது? மலரக்காட்டை நேரை கேக்க எனக்கு வாய் வருகுதில்லை.”

என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இறந்துபோன தகப்பன் என்றால் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவார்கள். உயிரோடு இருப்பவர் என்றால் திரு என்று போடுவார்கள். மூன்றாவது வகைக்குச் சொல் கிடையாது.

“அமரர் எண்டு போடாட்டில் சனம் மணவறையிலை தேப்பனைத் தேடும். ஏன் வரேல்லை எண்டு எங்களைக் கேக்கும். போட்டால் மலரக்கா...” என்று இழுத்தார். “ரெண்டிலை எதெண்டாலும் எங்களுக்குச் சம்மதம். தாரை வாக்கிறதுக்கு நீங்கள் ரெண்டு பேரும் நிக்கத்தான் போறியள். கார்ட்டுக்கு மட்டும் ஒரு முடிவு சொன்னால் காணும்.”

மணவறையில் நின்று பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பது தாயும் தகப்பனும் செய்கிற காரியம். தகப்பன் இல்லாத வீட்டில் இன்னொரு சோடி நின்று செய்யும். நானும் இவரும் நிற்பது என்று முன்பே பேசியிருந்தோம். பேசும்போதெல்லாம் அக்கா, “அவர் வந்திட்டால் நீங்கள் விலகவேணும்” என்பார், சிரிக்காமல்.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல அதிகம் இல்லை என்பதுதான் கதை.

தவராசா அத்தான் தபால் கந்தோரில் வேலை செய்தவர். யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குள் வந்த பிறகு ஒரு காலைப்பொழுது சந்தைக்கு மீன் வாங்கச் சைக்கிளில் போனார். அக்கா அரிசி அரித்து உலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். சோறு வடித்தும் அத்தான் வரவில்லை. பின்னேரம் இராணுவக் காவலரண் சென்றிக்குப் பக்கத்து வேலியில் அவருடைய சைக்கிள் சாத்தியபடி நின்றது. கைப்பிடியில் பை தொங்கியது, மீன் உள்ளேயே கிடந்தது. அத்தானை மட்டும் காணவில்லை.

அக்கா அவருடைய படத்தை எடுத்துக்கொண்டு ஏறாத முகாம் இல்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று சொன்னார்கள். பிறகு துஷியைக் கையில் பிடித்துக்கொண்டு, எத்தனையோ நாடு சுற்றி எங்களிடம் வந்துசேர்ந்தார். துஷி அப்போது பெரிய பிள்ளையாகும் வயது.

இங்கே எந்தக் கந்தோருக்குப் போனாலும் மணமானவரா, கணவரை இழந்தவரா என்று கேட்பார்கள். அக்கா மணமானவர் என்பார். கணவர் எங்கே என்றால், தெரியாது என்பார். பக்கத்தில் இருந்து அதை அப்படியே மொழிபெயர்ப்பது நான்தான். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. குளிருக்கு எத்தனை உடுப்புப் போட்டாலும் கொடி உள்ளே கிடக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. செய்வதற்கு ஒரு திதி வேண்டுமே. அத்தானின் பிறந்தநாளுக்கு மட்டும் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பார். நாங்கள் போய்ச் சாப்பிட்டு வருவோம். அவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.

தொலைபேசியை வைத்த பிறகு இவரிடம் சொன்னேன்.

“ஓடையடியிலை வைச்சுச் சொல்லுவம்” என்றார் இவர். “வீட்டுக்குள்ளை வைச்சுச் சொன்னால் மச்சாள் தாங்கமாட்டா. அங்கை கொஞ்சம் காத்தோட்டமாக் கிடக்கும்.”

காற்றோட்டமான இடத்தில் கேட்டால் அந்தக் கேள்வி இலேசாகிவிடுமா என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அக்காவிடம் கேட்கத்தான் வேண்டும், நான்தான் கேட்க வேண்டும். மனுசன் செத்துவிட்டான் என்று அக்காவின் வாயாலேயே சொல்லவைக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சம்பந்தியில் ஆத்திரம், அச்சகத்துக்காரனில் ஆத்திரம், ஒன்றும் அறியாத துஷியில்கூட ஆத்திரம். அன்றிரவு சமைத்த கறியில் உப்பைக் கொட்டிவிட்டேன்.

மறுபடியும் ஓடை

சனிக்கிழமை நல்ல வெயில். காட்டுக்குள் பைன் பிசின் மணத்தது. தண்ணீர் மட்டும் ஐஸ்பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி. கையை விட்டால் விரல் விறைத்துப்போகும். சின்னச் சின்னப் பூச்சிகள் காதுக்குள் புகுந்தன.

தாடிக்காரர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தரம் சொல்லிக்கொடுத்தார். “கனமானது அடியில் தங்கும். மற்றதெல்லாம் போகட்டும். அவசரப்படாதீர்கள்.”

இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, தட்டில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மீன் ஆலைக் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான் தட்டை ஆட்டினால் பொன்னும் மண்ணும் ஒன்றாகவே வெளியே போயின. துஷி ஒரு தரம் மினுங்குகிற எதையோ பிடித்துவிட்டுக் கத்தினாள். அது மைக்கா என்றார் தாடிக்காரர்.

எல்லாரிலும் அக்காவின் கைதான் கை. ஆனால் தொடக்கத்தில் சொன்னேனே, அடியில் தங்கியதை எறிந்துவிடுவார். இரண்டாம் தரமும் எறிந்தார். மூன்றாம் தரமும் எறிந்தார். “அம்மா, ஸ்தொப், ஸ்தொப்” என்று துஷி ஓடி வருவதற்குள் மணிக்கட்டு வெட்டிவிடும். அக்காவுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“நான் என்ன செய்ய, மிஞ்சிறது கல்லெண்டுதானே கைக்குத் தெரியும்” என்றார்.

எனக்கு ஒரு கணம் வேறொரு நினைப்பு ஓடியது. இந்தக் கலியாணம், இந்தத் தாலி, இந்தப் பொன்னுருக்கு எதுவும் அத்தான் இல்லாமல் நடக்கக் கூடாதென்று மனம் பிடிவாதமாக நின்று கையை வெட்டச் சொல்கிறதோ என்று. இருக்காது. அக்காவுக்கு அப்படியெல்லாம் வளைத்து நினைக்கத் தெரியாது. கைப்பழக்கம்தான்.

அடுத்த தரம் அக்கா குனிந்தபோது மேற்சட்டைக்குள் இருந்து தாலிக்கொடி நழுவி வெளியே வந்து, தட்டுக்கு மேலே தொங்கி ஆடியது. வெயிலில் பளபளத்தது. தாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார்.

“உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதே, அம்மா. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.”

அந்த மனிதர் பாவம், பகிடிக்குச் சொன்னார். துஷியின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவுக்கு நோர்வேஜிய மொழி அவ்வளவு ஓடாது.

“என்னவாம்?” என்று என்னைக் கேட்டார்.

“கொடி வடிவாம்” என்றேன்.

அக்கா கொடியை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம்

மத்தியானம் கரையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். ரோல்ஸ், கட்லட், பிளாஸ்க்கில் பிளேன்டீ. அக்கா பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினார். கால் விரல்கள் வெளிறிச் சுருங்கிப்போயிருந்தன. நான் என் கம்பளிக் காலுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.

இவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

“சுகி” என்றார் அக்கா, காலுறையை இழுத்துக்கொண்டே. “வியாழக்கிழமை தொடக்கம் நீ என்ரை மூஞ்சையைப் பாக்கிறேல்லை. சம்பந்தி என்ன கேட்டவ?”

துஷி நிமிர்ந்தாள். இனி மறைக்க இடமில்லை. கார்ட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. “அத்தான்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது எண்டு கேக்கினம்” என்று மட்டும் சொன்னேன்.

துஷிதான் முதலில் வாய் திறந்தாள். அவள் கோபப்பட்டால் என்னைப் போலத்தான்.

“ஒண்டும் போட வேண்டாம். கார்ட்டே வேண்டாம். மண்டபமும் வேண்டாம், மணவறையும் வேண்டாம். நானும் அவனும் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு வாறம். ஆரையும் கேக்கிறேல்லை.”

“சும்மா இரடி” என்றார் அக்கா.

“நீங்கள் அப்பாவைச் செத்தவர் எண்டு சொல்லவேணுமெண்டால் எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் அம்மா.”

“சும்மா இரு எண்டனான்.”

அக்கா தேநீரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டுக் குடிக்காமல் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு நோர்வேக்காரக் குடும்பம் எதையோ கண்டுபிடித்துவிட்டுக் கைதட்டியது.

“திரு எண்டு போட்டால்” என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல், “சனம் என்ன கேக்கும்? பெத்த பிள்ளையின்ரை கலியாணத்துக்கு ஏன் வரேல்லை எண்டு கேக்கும். எங்கையோ இருந்துகொண்டு வரேல்லையாம், விட்டிட்டுப் போட்டாராம் எண்டு கதைக்கும்.”

“கதைக்கிற சனம் கதைக்கட்டும் அக்கா” என்றேன்.

“இல்லை. அவரை அப்பிடிக் கதைக்க விடேலாது.” அக்காவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “இவளின்ரை கலியாணத்துக்கு வராமல் இருக்கிற மனுசனே அவர்? காய்ச்சல் எண்டால் விடிய விடியத் தோளிலை போட்டுக்கொண்டு நடந்த மனுசன். உயிரோடை இருந்தால் வந்திருப்பார்.”

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே கேட்டது போல அக்கா அப்படியே இருந்துவிட்டார். இத்தனை வருசத்தில் அத்தானைப் பற்றி அந்த மாதிரி ஒரு வசனம் அக்காவின் வாயில் இருந்து வந்ததில்லை.

இவர் எழும்பி, தேவையில்லாமல் போய்க் காரைத் திறந்து மூடினார்.

அக்கா ஈர பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். தட்டை எடுத்தார். ஓடையின் வளைவில், தாடிக்காரர் காட்டிய பெரிய பாறைக்குக் கீழே இருந்து மண்ணை அள்ளினார். நானும் துஷியும் பின்னால் போய் நின்றோம்.

சரித்தார், சுழற்றினார். மண் போனது. சரளைக்கல் போனது. வெள்ளை மணல் போனது. கடைசியில் அந்தக் கறுப்பு மணல் மட்டும் மிஞ்சியது. மணிக்கட்டு வெட்டுவதற்கு ஆயத்தமாகத் திரும்பியது. அக்கா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே தட்டைத் துஷியிடம் நீட்டினார்.

“வடிவாப் பார். கிடக்கோ?”

கிடந்தது. கறுப்பு மணலின் ஓரத்தில் மூன்றோ நாலோ மஞ்சள் பொட்டுகள், கடுகை நாலாக வெட்டியதில் ஒரு துண்டு அளவுகூட இருக்காது. தாடிக்காரர் ஓடிவந்து, விரல் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி, தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் இறக்கினார். அவை மெதுவாக அடிக்குப் போய்ச் சேர்ந்தன.

துஷி குப்பியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா ஈரக்கையால் அவள் தலையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சுகி, போடச் சொல்லு.”

“என்னத்தை அக்கா?”

“அந்தச் சொல்லை.”

மூன்றாம் வரிசை

கார்ட் அச்சடித்து வந்தது. அமரர் தவராசா, திருமதி மலர்விழி ஆகியோரின் ஏக புத்திரி என்று சிவப்பில் பொன்னெழுத்து. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்து வடிவாக இருக்கிறது என்றார்.

பொன்னுருக்கில் அந்தப் பொட்டுகளையும் போட்டு உருக்கினார்கள். நகை வேலை செய்பவர், இவ்வளவு சின்னது உருகியதா ஆவியாகியதா என்றே தெரியாது என்று சிரித்தாராம். அன்று அக்கா போகவில்லை. போகக் கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லை. சம்பந்தி அம்மா வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டும்கூட, “நீங்கள் சுமங்கலியள் நிண்டு செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டார்.

கலியாணத்தன்று நானும் இவரும் மணவறையில் நின்றோம். துஷியின் கையைப் பெடியனின் கையில் வைத்துத் தாரை வார்க்கும்போது இவர் செம்பை அதிகம் சரித்துவிட, தண்ணீர் கண்டபாட்டுக்குச் சிந்தியது. ஐயர் நல்ல சகுனம் என்றார். நான் மண்டபத்தைப் பார்த்தேன். அக்கா மூன்றாம் வரிசையில், பொட்டில்லாத நெற்றியோடும் வெறுங் கழுத்தோடும் உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று மணவறைக்குக் கிட்டப் போட்ட கதிரை வெறுமையாகவே இருந்தது. நான் கண்ணால் கூப்பிட்டேன், தலையை ஆட்டிவிட்டார். துஷியின் கழுத்தில் தாலி ஏறியபோது எல்லோரும் பூப் போட எழும்பினார்கள். அக்கா எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து பூவை மடியில் வைத்துக்கொண்டார்.

இன்றுவரை அத்தானைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்காவும் கண்ணை மூடிவிட்டார். துஷியின் கழுத்தில் தாலி கிடக்கிறது. ஓடைப்பொன் அதற்குள் எங்கேயோ கிடக்கிறது என்று அவளுடைய பிள்ளைகளுக்குக் காட்டுவாள்.

அன்றைய சோறு

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கலியாணத்தைப் பற்றியல்ல. அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான்.

ஓடையடியில் இருந்து திரும்பும்போது காருக்குள் துஷி குப்பியை யன்னல் பக்கம் பிடித்து வெயிலில் பார்த்துக்கொண்டே வந்தாள். வெஸ்ட்லிக்கு வந்தபோது பொழுது இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. இவர் மண்வெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் அக்காவோடு கீழ்வீட்டுக்குப் போனேன். அக்காவைத் தனியே விட மனம் வரவில்லை.

அக்கா கை கால் கழுவினார். விளக்கு வைத்தார். கொடி அப்போதும் கழுத்தில்தான் கிடந்தது. அதை அன்று அவர் கழற்றவில்லை, பிறகொரு நாள் ஒருவரும் இல்லாத நேரம் கழற்றியிருக்கிறார். குசினிக்குள் வந்து, “பசிக்குமே எல்லாருக்கும்” என்றார்.

பாஸ்மதிப் பையைத் திறந்து, சில்வர் சட்டியில் அரிசி போட்டார். குழாயைத் திறந்தார். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, வழக்கமான அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நாள் முழுக்க ஆடிய கை, இன்னும் கொஞ்சம் ஆடினால் எனக்கும் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது.

அக்கா அரிசியை இரண்டு தரம் அலசித் தண்ணீரை ஊற்றினார். சட்டியை அப்படியே தூக்கி அடுப்பில் வைத்தார்.

துஷியும் கவனித்துவிட்டாள்.

“அம்மா, இண்டைக்கு அரிக்கேல்லையோ?”

அக்கா அடுப்பைக் கூட்டிவிட்டு, மூடியை எடுத்து மூடினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“இதிலை ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனியள்?” என்றார்.